டி.எஃப்.எஸ்.பி. தோல் புற்று: அகல வெட்டா, மோஸா, ஸ்லோ மோஸா?

டெர்மடோஃபைப்ரோசார்கோமா புரோட்டுபரன்ஸ் என்பது முழுப் பெயர். வாயில் நுழையாத பெயர் என்பதால் டாக்டர்களே டி.எஃப்.எஸ்.பி. என்றுதான் சொல்வார்கள். அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் சுமார் 4 பேருக்கு வருகிறது. 1924-இல் டாரியேவும் ஃபெரானும் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். இன்றைய பெயரை அடுத்த ஆண்டே ஹோஃப்மன் வைத்தார். பெரும்பாலும் 20 முதல் 50 வயதுக்காரர்களுக்கு, மார்பு, முதுகு, தோள்பட்டை என்று நடு உடம்பில் வரும். உயிரைப் பறிப்பது அரிது. நுரையீரல் போன்ற இடங்களுக்குப் பரவுவது 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் வெட்டிய இடத்திலேயே மறுபடி முளைப்பதில் இது பிடிவாதமானது. அதனால் இதற்குச் செய்யும் அறுவைகளை ஒப்பிடும்போது நாங்கள் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: வெட்டியெடுத்த சதையின் ஓரம் முழுவதையும் யாராவது மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்களா, அதைப் பார்த்த பிறகுதான் புண்ணை மூடினார்களா?

மறுபடி முளைப்பதற்குக் காரணம் கட்டியின் வடிவம். மேலே தெரிவது 2 செ.மீ. முடிச்சாக இருக்கும். அடியிலோ அருகம்புல் வேர் ஓடுவதுபோல, நூல் நூலாகக் கொழுப்புக்குள்ளும் தசை உறை மேலும் ஓடியிருக்கும். அந்த ஓட்டம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகவும் இருக்காது. வலப்பக்கம் அரை செ.மீ.யில் நின்றிருக்கும், இடப்பக்கம் 2 செ.மீ. தாண்டியிருக்கும். கையால் தடவிப் பார்த்து இதைச் சொல்ல யாராலும் முடியாது. எம்.ஆர்.ஐ. பெரிய கட்டிகளுக்கும் மறுபடி வந்தவற்றுக்கும் உதவும். ஆனால் மெல்லிய நூல்கள் அதிலும் தப்பிவிடும்.

ஒப்பீட்டில் சேரவே தகுதியில்லாத ஒன்றை முதலில் ஒதுக்கிவிடுவோம்: கொழுப்புக் கட்டி என்றோ கீலாய்டு (மீறித் தடித்து வளரும் தழும்பு) என்றோ நினைத்து, சின்னதாகக் கீறி, பட்டாணியைப் பிதுக்குவதுபோல் எடுத்துவிட்டு, சதையைப் பரிசோதனைக்கு அனுப்பாமலே தைத்துவிடுவது. நம் ஊரில் கீலாய்டு அதிகம் என்பதால் இந்தக் குழப்பமும் அதிகம். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு ஊசி போட்டும் அமுங்காமல், தோலோடு ஒட்டி, கல் மாதிரிக் கெட்டியாக, செம்பழுப்பு அல்லது ஊதா நிறத்தில், ஒரு தட்டையான திட்டின் மேல் இரண்டு மூன்று முடிச்சுகளாக மெல்ல வளர்கிறது என்றால் அதைக் கீலாய்டு என்று தொடர்ந்து நம்பக்கூடாது. பயாப்சி எடுக்க வேண்டும், அதுவும் ஆழமாக. மேலாகச் சுரண்டி எடுத்தால் சாதாரண டெர்மடோஃபைப்ரோமா (புற்றல்லாத கட்டி) என்று ரிப்போர்ட் வந்துவிடும். பஞ்ச் (வட்டக் கத்தியால் துளைத்து எடுப்பது) என்றால் குறைந்தது 4 மி.மீ., அடியில் மஞ்சள் கொழுப்பு தெரியும்வரை இறங்க வேண்டும். துண்டில் கொழுப்பே இல்லாமல் ‘புற்று இல்லை’ என்று வந்த ரிப்போர்ட்டை நம்பாமல் இன்னொரு தடவை எடுப்பதே சரி. செல்லின் வகையைக் காட்டும் சாயங்களில் சி.டி.34 ஏறி, ஃபேக்டர் 13ஏ ஏறாவிட்டால் டி.எஃப்.எஸ்.பி. பக்கம் சாயலாம். அப்போதும் சந்தேகம் தீராவிட்டால் 17, 22-ஆம் குரோமோசோம்கள் இடம் மாறி உண்டாகும் கோல்1ஏ1–பி.டி.ஜி.எஃப்.பி மரபணு இணைப்பை ஃபிஷ் என்ற மரபணுச் சோதனையில் தேடலாம்.

இனி மூன்று முறைகள்.

அகல வெட்டு

வைட் லோக்கல் எக்ஸிஷன் என்று சீட்டில் எழுதியிருக்கும். கட்டியின் ஓரத்திலிருந்து சுற்றிலும் 2 முதல் 4 செ.மீ. நல்ல தோலையும் சேர்த்து, கீழே தசை உறையோடு, தலையில் என்றால் எலும்பின் மேலுறையோடு, ஒரே துண்டாக எடுப்பார்கள். பொது மயக்கம், ஒரே அறுவை. புற்று அறுவை நிபுணர் உள்ள எந்தப் பெரிய மருத்துவமனையிலும் கிடைக்கும். இதன் பெரிய பலமே அதுதான்.

விலை தோலில் போகிறது. 3 செ.மீ. கட்டிக்குச் சுற்றிலும் 3 செ.மீ. விட்டால் 9 செ.மீ. வட்டம், ஏறக்குறைய 64 சதுர செ.மீ. புண். ஓரம் 1.5 செ.மீ. போதும் என்று தெரிந்திருந்தால் 28-இல் முடிந்திருக்கும். 9 செ.மீ. அகலத்தை மடிப்பு விழாமல் நேர்க்கோடாகத் தைக்க நீளம் மூன்று மடங்கு, அதாவது 27 செ.மீ. வேண்டும். முதுகில் அதைச் சமாளிக்கலாம். கழுத்திலும் முன்னங்கையிலும் நடக்காது. வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டும் கிராஃப்ட் போட்டே ஆக வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை பரிசோதனைக் கூடத்தில் நடக்கிறது. வழக்கமான முறையில் அந்தத் துண்டை ரொட்டி நறுக்குவது மாதிரிச் செங்குத்தாகச் சில மி.மீ.க்கு ஒன்று என்று நறுக்கி, ஒவ்வொரு நறுக்கிலிருந்தும் சுமார் 5 மைக்ரான் தடிமனில் ஒரு சீவல் எடுத்துப் பார்ப்பார்கள். 90 மி.மீ. நீளத் துண்டை 3 மி.மீ.க்கு ஒன்றாக நறுக்கினால் 30 சீவல்கள். எல்லாம் சேர்ந்து 0.15 மி.மீ. பார்த்த ஓரம் 1 சதவீதத்துக்கும் கீழ். ரிப்போர்ட்டில் வரும் ‘மார்ஜின் ஃப்ரீ’ (ஓரத்தில் புற்று இல்லை) என்ற வரியின் பொருள் ‘பார்த்த இடத்தில் இல்லை’ என்பது மட்டுமே. நூல் போல ஓடும் இந்தப் புற்றுக்கு இரண்டு சீவல்களுக்கு நடுவே 3 மி.மீ. என்பது தாராளமான சந்து.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அறுவை அரங்கில் ஸ்கேல் வைத்து அளந்த 3 செ.மீ. ஓரம் ரிப்போர்ட்டில் 2.4 என்று வரலாம். தோல் வெட்டியவுடனேயும் பதப்படுத்தும் ஃபார்மலினில் ஊறியும் சுமார் 20 சதவீதம் சுருங்கும். ‘டாக்டர் குறைவாக வெட்டிவிட்டார்’ என்று இதைப் பார்த்துச் சண்டைக்குப் போக வேண்டாம். கட்டிக்கும் ஓரத்துக்கும் இடைவெளி எந்தப் பக்கம் எவ்வளவு என்று ரிப்போர்ட்டில் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கடிகாரக் கணக்கில் ‘12 மணி’ திசையைக் காட்டும் தையல் போடாமல் அனுப்பிய துண்டுக்கு அந்த விவரம் வரவே வராது. பிறகு ஓரத்தில் புற்று என்று தெரிந்தாலும் எந்தப் பக்கம் மறுபடி வெட்டுவது என்று சொல்ல ஆள் இருக்காது.

மோஸ்

அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஃபிரடெரிக் மோஸ் 1930-களில் தொடங்கியது. அன்று துத்தநாகக் குளோரைடு பசையைப் பூசி, சதையை உடம்பிலேயே பதப்படுத்தி வெட்டினார். 1970-களில் பசையை விட்டுவிட்டு, புதுச் சதையையே உறையவைத்துப் பார்க்கும் வடிவம் நிலைபெற்றது. இன்று மோஸ் என்றால் இதுதான்.

வேலை நடக்கும் விதம் இது. அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் போட்டு இடத்தை மரக்கவைப்பார்கள். உச்ச அளவு கிலோவுக்கு 7 மி.கி.; 60 கிலோ ஆளுக்கு 420 மி.கி., அதாவது 1 சதவீத மருந்தில் 42 மி.லி. பெரிய கட்டிக்கு இது போதாது என்பதால் மருந்தை நன்றாக நீர்க்கவைத்துப் பரப்புவார்கள். தெரியும் கட்டியை முதலில் எடுத்துவிட்டு, சுற்றிலும் அடியிலும் ஒரு மெல்லிய கிண்ணம்போலச் சதையைக் கத்தியை 45 பாகை சாய்த்து எடுப்பார்கள். எடுப்பதற்கு முன்பே தோலிலும் துண்டிலும் சேர்த்துச் சின்னக் கீறல் அடையாளம் வைப்பார்கள். துண்டைப் பிரித்து, ஓரங்களுக்கு வெவ்வேறு நிற மை பூசி, அதே நிறங்களில் ஒரு வரைபடம் போடுவார்கள். பிறகு கிண்ணத்தை அமுக்கித் தட்டையாக்கி, அடியும் ஓரமும் ஒரே தளத்தில் வரும்படி கவிழ்த்து, மைனஸ் 20 முதல் 30 டிகிரியில் கிரையோஸ்டாட் என்ற உறைசீவல் மெஷினில் உறையவைத்துச் சீவுவார்கள். ஒரே சிலைடில் அந்த ஓரம் முழுவதும் தெரியும். எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே மட்டும் மறுபடி வெட்டு. ஒரு சுற்றுக்கு ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். நோயாளி டிரெஸ்ஸிங்கோடு வெளியே உட்கார்ந்திருப்பார்.

கேட்க அழகாக இருக்கும் இந்த முறை, பேசல் செல் என்ற இன்னொரு தோல் புற்றுக்கு அருமையாக வேலை செய்கிறது. டி.எஃப்.எஸ்.பி.யில் இரண்டு இடங்களில் தடுமாறுகிறது. முதலாவது கொழுப்பு. இந்தப் புற்றின் வேர் ஓடுவதே கொழுப்பில்தான். கொழுப்போ சரியாக உறையாது. பிளேடில் கிழியும், மடியும், சிலைடில் ஓட்டை விழும். அந்த ஓட்டை இருந்த இடத்தில் புற்று இருந்ததா என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டாவது செல்லின் முகம். பேசல் செல் கூட்டமாக, கருநீலமாகத் தனித்துத் தெரியும். டி.எஃப்.எஸ்.பி. செல் ஒல்லியான கதிர்வடிவம். சாதாரண நார்ச்செல்லும் பழைய தழும்பின் செல்லும் கிட்டத்தட்ட அதே மாதிரி. ஏற்கெனவே ஒருமுறை வெட்டித் தையல் போட்ட இடம் என்றால் கேட்கவே வேண்டாம். உறைந்த சீவலிலும் சி.டி.34 போடலாம், ஆனால் சுற்றுக்குச் சுற்று நேரம் கூடும். அந்தச் சாயம் ரத்தக் குழாய்களிலும் நல்ல தோலின் சில செல்களிலும் ஏறும். புற்று வீரியமாக மாறிய பகுதியிலோ ஏறாமலே போகலாம். சாயம் ஏறியதெல்லாம் புற்று, ஏறாததெல்லாம் நலம் என்று படித்தால் இரண்டு பக்கமும் தவறும்.

டெக்னீஷியன் கையில் நடக்கும் பிழைகளும் உண்டு. ஈரமான சதைமேல் மை பூசினால் வழிந்து, ஓரமில்லாத இடத்தையும் ஓரமாகக் காட்டும். ஒற்றி உலரவைத்து, மை பூசி, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் தொட்டெடுத்தால் நிற்கும். சிலைடில் மேல்தோல் முழுச் சுற்றும் தெரியவில்லை என்றால் துண்டு சரியாகத் தட்டையாகவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட சிலைடைக் கையில் வைத்துக்கொண்டு ‘ஓரம் சுத்தம்’ என்று எழுதக் கூடாது. வெட்டுபவரும் சிலைடு படிப்பவரும் ஒரே டாக்டர் என்பது மோஸின் சிறப்பு. அவர் வருடத்துக்கு எத்தனை டி.எஃப்.எஸ்.பி. சிலைடு பார்த்திருக்கிறார் என்பதில்தான் அந்தச் சிறப்பு உண்மையாவதும் பொய்யாவதும். கூச்சப்படாமல் கேட்கலாம்.

ஸ்லோ மோஸ்

இந்தப் புற்றுக்கு எங்கள் ஓட்டு இதற்குத்தான். தத்துவம் மோஸ்தான்: ஓரத்தை முழுக்கப் பார். உறையவைப்பதற்குப் பதில் ஃபார்மலின், பாராஃபின் மெழுகு வழியாகப் போகிறது. கொழுப்பு கிழியாது, செல் தெளிவாகத் தெரியும், சி.டி.34 நிதானமாகப் போடலாம், சந்தேகம் வந்தால் இன்னொரு பேத்தாலஜிஸ்டிடம் (சதையைச் சோதிக்கும் நிபுணரிடம்) காட்டலாம். விலை, காத்திருப்பு: ஒரு சுற்றுக்கு ஒன்று முதல் மூன்று நாள்.

ஜெர்மனியின் டூபிங்கனில் இதை ஒழுங்குபடுத்தியவர்கள் ‘டூபிங்கன் டார்ட்டே’, அதாவது கேக், என்று பெயர் வைத்தார்கள். படித்துப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான். நடுவில் உள்ள கட்டியை எடுத்து, துண்டின் சுற்றுச்சுவரை 2–3 மி.மீ. அகலப் பட்டையாகச் சுற்றி வெட்டி, அடித்தட்டைத் தனியாகச் சீவி, எல்லாவற்றையும் வெளிப்புறம் சிலைடில் வரும்படி படுக்கவைப்பது. பட்டை நீளமாக இருந்தால் 12–3, 3–6, 6–9, 9–12 என்று கடிகாரக் கணக்கில் நான்காகப் பிரித்து, தனித்தனிக் கேசட்டில் போட வேண்டும். பட்டையின் எந்தப் பக்கம் வெளிப்புறம் என்று மை அடையாளம் இல்லாவிட்டால் லேபில் திருப்பிப் படுக்கவைத்துவிடுவார்கள். அப்போது உள்பக்கத்துப் புற்றைப் பார்த்துவிட்டு ‘ஓரத்தில் இருக்கிறது’ என்று எழுதுவார்கள், நல்ல தோல் வீணாக வெட்டப்படும். நடுக் கட்டியையும் குப்பையில் போடக்கூடாது. புற்று செல் எப்படி இருக்கும் என்று ஒப்பிட அது வேண்டும். ஃபைப்ரோசார்கோமாவாக (வீரியம் கூடிய வகையாக) மாறிய பகுதி உண்டா என்பதும் அதில்தான் தெரியும்.

ரிப்போர்ட் ‘3 முதல் 5 மணி வரை, கொழுப்பில் மிச்சம்’ என்று வந்தால் அந்த வில்லில் மட்டும் இன்னும் 5–10 மி.மீ. எடுப்பார்கள். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று சுற்றில் முடிந்துவிடும். நடுவில் புண் திறந்தேதான் இருக்கும். பாராஃபின் காஸ், மேலே பஞ்சுக்கட்டு. பெரிய புண்ணென்றால் கசிவை உறிஞ்சும் வாக்குவம் டிரெஸ்ஸிங். நோயாளிக்கு இந்த இரண்டு மூன்று நாள்கள்தான் சிரமம்: வலி மாத்திரை, கசிவு, ஒருக்களித்தே படுப்பது. தொற்று வந்துவிடும் என்ற பயம் இருக்கும். சுத்தமான டிரெஸ்ஸிங்கில் சில நாள் திறந்த புண் அப்படிச் சீக்கிரம் சீழ் வைக்காது.

நம் ஊருக்கு இது ஏற்றது என்பதற்கு இன்னொரு காரணம்: கிரையோஸ்டாட்டும் மோஸ் பயிற்சியும் உள்ள இடங்கள் இந்தியாவில் குறைவு, அவையும் பெருநகரங்களில். ஸ்லோ மோஸுக்குத் தேவை ஒரு நல்ல அறுவை நிபுணர், ஒரு நல்ல பேத்தாலஜிஸ்ட், இருவருக்கும் நடுவே ஒரு போன். எந்த மெஷினும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. அறுவைக்கு முந்தின நாளே இருவரும் பேசிக்கொள்ளாத இடத்தில் மட்டும் வேண்டாம். பட்டை பட்டையாக வந்த சதையைப் பார்த்து லேபில் வழக்கம்போல் நறுக்கிவிடுவார்கள்.

புள்ளிவிவரம் கேட்பவர்களுக்கு: வெளியான தொகுப்பாய்வுகளில் மோஸ் வகை அறுவைக்குப் பிறகு மறுபடி வருவது 1 சதவீதத்தை ஒட்டியும், அகல வெட்டுக்குப் பிறகு 6 சதவீதத்தை ஒட்டியும் இருக்கிறது. பழைய தொகுப்புகளில், ஓரம் 2 செ.மீ.க்கும் குறைவாக விட்டவற்றில், இது 20, 30 என்று ஏறும். ஆனால் இதை அப்படியே விழுங்க வேண்டாம். சின்னக் கட்டிகள் மோஸுக்கும், பெரியவையும் மறுபடி வந்தவையும் பெரிய அறுவைக்கும் போவது வழக்கம். நோயாளிகளைக் குலுக்கிப் பிரித்து ஒப்பிட்ட ரேண்டமைஸ்டு ஆய்வு இதற்குப் பின்னால் இல்லை. அகல வெட்டு செய்து ஓரத்தை அக்கறையாக முழுதும் பார்த்த மையங்களும் 1 சதவீதக் கணக்கைக் காட்டியிருக்கின்றன.

மூடும் நேரம்தான் பலர் கோட்டைவிடும் இடம். ஓரம் சுத்தம் என்று எழுத்தில் வருமுன் ஃபிளாப் (மூடுவதற்காகத் திருப்பும் பக்கத்துச் சதை) திருப்பக்கூடாது, தோலடியை அகலமாக விடுவித்து இழுக்கவும் கூடாது. பக்கத்துச் சதையைத் திருப்பி மூடிய பிறகு ‘6 மணியில் மிச்சம்’ என்று ரிப்போர்ட் வந்தால், அந்த 6 மணி இப்போது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். மிச்சச் செல்கள் புது இடங்களுக்கும் போயிருக்கும். நேராகத் தைக்க முடிந்தால் தைக்கலாம். முடியாவிட்டால் காத்திருந்து மூடலாம், அல்லது தொடையிலிருந்து மெல்லிய கிராஃப்ட் போடலாம். கிராஃப்ட் பள்ளமாக, நிறம் மாறி, பார்க்க நன்றாக இருக்காது. ஆனால் அடியில் ஏதாவது முளைத்தால் விரலுக்குச் சீக்கிரம் தட்டுப்படும். தடித்த ஃபிளாப்பின் அடியில் முளைப்பது வெகு நாள் மறைந்திருக்கும்.

தலையில் வந்தால் கணக்கு வேறு. எலும்பின் மேலுறையையும் எடுத்த பிறகு வெற்று எலும்பில் கிராஃப்ட் ஒட்டாது. எலும்பின் வெளித்தகட்டை ரத்தம் கசியும்வரை தேய்த்து, சதை முளைத்த பிறகு ஒட்டவைப்பார்கள். அல்லது செயற்கைத் தோலடி விரித்து, சில வாரம் கழித்து மேலே கிராஃப்ட். முகம், கழுத்து, விரல் என்றால் மோஸ் அல்லது ஸ்லோ மோஸ் தவிர வேறெதையும் பரிந்துரைக்க மாட்டோம். முதுகில் 2 செ.மீ. கட்டி, முதல் தடவை, இழுத்துத் தைக்கத் தோல் உண்டு என்றால் ஒழுங்காகச் செய்த அகல வெட்டு போதும்.

ஓரத்தில் மிச்சம், இனி வெட்ட இடமில்லை என்றால் கதிர்வீச்சுச் சிகிச்சை: மொத்தம் 50 முதல் 60 கிரே (கதிரின் அளவு), நாளைக்கு 2 என்று 25 முதல் 30 நாள் அமர்வுகள். வெட்டவே முடியாதது, பரவியது, திரும்ப வந்தது என்பவற்றுக்கு இமாட்டினிப் மாத்திரை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2006-இல் அனுமதித்தது. மேலே சொன்ன குரோமோசோம் இணைப்பு இல்லாத கட்டிக்கு இது வேலை செய்யாது. ஆகவே மாத்திரைக்கு முன் ஃபிஷ் சோதனை. கண்ணைச் சுற்றியும் காலிலும் வீக்கம் வருவது சகஜம். கட்டியைச் சுருக்கிவிட்டு வெட்டலாம் என்று திட்டமிட்டால், மாத்திரை தொடங்கும் முன்பே கட்டியின் எல்லையைப் போட்டோ எடுத்து, தோலில் பச்சை குத்திய புள்ளிகளாகக் குறித்துவைக்க வேண்டும். சுருங்கிய அளவை நம்பி வெட்டினால் பழைய எல்லையில் தங்கிய செல்கள் உள்ளேயே மிஞ்சிவிடும்.

பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். மறுபடி வருவதில் பெரும்பகுதி முதல் 3 ஆண்டுகளில் வரும். 5 ஆண்டு தாண்டியும் வருவதுண்டு என்பதால் அதற்குப் பிறகு வருடம் ஒருமுறை. ஸ்கேனைவிட விரல் முக்கியம்: தழும்பையும் அதைச் சுற்றி நாலு விரல் அகலத்தையும் அழுத்தித் தடவிப் பார்ப்பது. ஃபைப்ரோசார்கோமா பகுதி இருந்தவர்களுக்கு மட்டும் நெஞ்சு சி.டி. சேர்த்துக்கொள்ளலாம். மருத்துவமனையிலிருந்து வரும்போது டிஸ்சார்ஜ் சீட்டோடு நிற்காமல், பேத்தாலஜி ரிப்போர்ட், மணி திசை போட்ட வரைபடம் இரண்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். மெழுகு பிளாக் எந்த லேபில், எந்த எண்ணில் இருக்கிறது, எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் இன்னொரு கருத்து கேட்கவோ ஃபிஷ் சோதனை செய்யவோ அந்த பிளாக் போதும். புதிதாகச் சதை எடுக்க வேண்டியிருக்காது.